சிறையிலிருந்து மகளுக்கு

சிறைவாசம் அரசியல் வரலாற்றில் விரிவாகப் பேசப்படுவது. சிறைப்பட்டோரின் பிள்ளைகள் அவ்வரலாற்றில் இடம்பெறுதல் அரிது. தந்தை தண்டனை பெறுங்கால் வீட்டிலிருக்கும் பிள்ளையும் ஒருவகைத் தண்டனைக்கு உட்படுகின்றது. அப்பிரிவை எழுத்தினால் எவ்வளவிற்குக் கடக்கலாகும் என்பதற்குப் பண்டித ஜவஹர்லால் நேரு தம் புதல்வி இந்திராவுக்கு வரைந்த கடிதங்கள் தக்க சான்றாகும்.

1930ஆம் ஆண்டு ஒக்டோபர் 26ஆம் நாள் நைனி மத்திய சிறையில் முதற் கடிதம் எழுதப்பட்டது. மகளின் பதின்மூன்றாவது பிறந்த நாளுக்குரிய வாழ்த்து அது. பொருள் எதனையும் அனுப்ப இயலாத தந்தை எழுத்தையே பரிசாக்கினார். 1931 ஜனவரி முதல் நாள் தாயார் கமலாவும் கைதுசெய்யப்பட்டார். பெற்றோர் இருவரையும் ஒருங்கே பிரிந்திருந்த சிறுமியின் நிலை எண்ணிப் பார்த்தற்குரியது.

அம்மாத இறுதியில் விடுதலை பெற்ற நேரு, பெப்ரவரியில் தம் தந்தை மோதிலாலை இழந்தார். பின்னர் மனைவியுடனும் மகளுடனும் ஓய்வு நாடி இலங்கைக்கு வந்து நுவரெலியாவிலும் தங்கினார். அவ்வாண்டு டிசெம்பரில் மீண்டும் சிறை புகுந்தார். 1932இல் அலகாபாத் சிறைக்கு உறவினரைக் காணச் சென்ற அவர்தம் அன்னை, மனைவி, மகள் ஆகிய மூவரும் அதிகாரியால் அவமதிக்கப்பட்டனர். அதனை அறிந்த நேரு தமக்குரிய சந்திப்புக்களையே சில மாதங்கள் துறந்தார். அக்காலத்திற் கடிதம் ஒன்றே பாலமாக நின்றது.

1933 ஓகஸ்ட் 9ஆம் நாள் டேராடூன் சிறையில் இறுதிக் கடிதம் முடிவுற்றபோது அவற்றின் தொகை 196. அடுத்த ஆண்டில் அவை நூலுருப் பெற்றன, ஓ. வி. அளகேசன் தமிழில் ‘உலக சரித்திரம்’ எனப் பெயர்த்தார். நூலகம் எதுவும் அருகில் இல்லாத நிலையில், படித்தவற்றிலிருந்து எழுதிவைத்த குறிப்பேடுகளே ஆசிரியருக்குத் துணையாயின. எழுதியவை யாவும் உடனுக்குடன் மகளைச் சேர்ந்தனவும் அல்ல. ஆயினும் தந்தை எழுதுவதை நிறுத்தவில்லை. அதிகாரிகளின் கண்பட்டுச் செல்லும் மடலில் உள்ளத்தை முழுதும் திறத்தல் இயலாது. உலக வரலாறோ இருவரும் அச்சமின்றிப் பேசத்தக்க பொருள். பாடம் புகட்டுதல் பாசம் காட்டுதலின் வடிவமாயிற்று. 1942இல் இந்திராவே அந்நைனிச் சிறையில் அடைக்கப்பட்டபோது, தந்தை அகமதுநகர்க் கோட்டையில் இருந்தார்.

எனினும், இவ்வரலாற்றை நோக்குவோர் ஓர் உண்மையை மறத்தலாகாது. நேரு உயர்கல்வி பெற்றவர். தாளும் நூலும் பெறும் வசதி சிறையிலும் அவருக்கு இருந்தது. 1939 ஜூலையில் அவர் இலங்கைக்கு மீண்டும் வந்த வேளையில் இலங்கை இந்திய காங்கிரஸ் தோன்றியது; அதன் முதலாவது மாநாடு அடுத்த ஆண்டிற் கம்பளையில் நடைபெற்றது. அம்மாநாட்டை வரவேற்ற மலைநாட்டுத் தொழிலாளர் பலர் அன்று தம் பெயரையும் எழுதக் கல்லாதவர். அத்தகைய தந்தை ஒருவர் சிறைப்பட்டிருப்பின் அவருக்காக எழுதுவோர் யார்? பிள்ளைக்கு வாசித்துச் சொல்வோர் யார்?

கல்வியுடையார்க்கும் விதிகள் தடையாயின. ரொபின் தீவில் நெல்சன் மண்டேலாவுக்குத் தொடக்கத்தில் ஆறு மாதத்திற்கு ஒரு கடிதமே அனுமதிக்கப்பட்டது. பதினாறு வயதிற்குட்பட்ட பிள்ளைகள் அவரைக் காண இயலாது. 1969இல் அவர் மனைவி வின்னி கைதானபோது, தாயையும் இழந்து நின்ற சிறுமியர் இருவருக்கும் அவர் ஆறுதல் எழுதினார். அவர் எழுதியவற்றுட் பல உரியோரைச் சேரவில்லை. ஆதலின் தம் மடல்களைப் படியெடுத்துப் பேணினார். 2015இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்டு அவர் பெயரால் வழங்கும் விதிகள், கைதிகள் குடும்பத்தாருடன் கடிதத் தொடர்பு கொள்ளுதற்கு இடமளித்தல் வேண்டும் என வற்புறுத்துகின்றன.

கண்டியில் 1876 முதல் இயங்கிய போகம்பறைச் சிறைச்சாலை 2014இல் மூடப்பட்டது. கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்டனர். மதில்கள் இடம்பெயரினும் மதிலுக்கு வெளியே காத்திருக்கும் பிள்ளைகள் உளர். அவர்களுட் சிலர் வகுப்பறையின் பின்வரிசையில் வாய்திறவாது அமர்ந்திருத்தலும் கூடும். அத்தகைய பிள்ளை தந்தைக்கு நான்கு வரி எழுதுதற்குத் துணைநிற்பதும், வந்த மடலைப் பிறர் அறியாது வாசிக்க இடமளிப்பதும் ஆசிரியர்க்கு இயல்வனவே. 196 கடிதங்கள் எழுதுதல் எல்லார்க்கும் ஆவதன்று. ஒன்றேனும் எழுதப்படுதல் வேண்டும்.