தகிக்கும் ஊக்கி மாற்றி: ஒரு பழுதறிதலின் வரலாறு

தொழில்நுட்பத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கண்டுபிடிப்புகளையே வரிசைப்படுத்துவர். பழுதுகளுக்கும் வரலாறு உண்டு என்பது அதிகம் கவனிக்கப்படுவதில்லை. மோட்டார் வாகனத்தின் புகைக்குழாயிற் பொருத்தப்படும் ஊக்கி மாற்றி அளவு மீறிச் சூடேறுவது அத்தகைய பழுதுகளுள் ஒன்று. பழுது தென்படும் இடமும் அது பிறக்கும் இடமும் ஒன்றல்ல என்பதே அதன் வரலாறு புகட்டும் பாடமாகும். அப்பாடம் இக்கருவி தோன்றுவதற்கு முன்னரே தொடங்கிவிட்டது.

1943 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரைக் கண்ணெரிக்கும் புகைமூட்டம் சூழ்ந்தது. செயற்கை இறப்பருக்கு வேண்டிய பியூற்றாடையீனைத் தயாரித்த தொழிற்சாலையொன்றின் மீதே மக்களின் ஐயம் முதலில் விழுந்தது. தொழிற்சாலையின் இயக்கம் நிறுத்தப்பட்டது, புகைமூட்டமோ அகலவில்லை. 1950களின் தொடக்கத்திலேயே கலிபோர்ணியாத் தொழில்நுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த இரசாயனவியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மித் உண்மைக் காரணத்தை விளக்கினார். எரியாது வெளியேறும் ஐதரோகாபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் சூரிய ஒளியில் தாக்கமுற்று ஓசோனைத் தோற்றுவிக்கின்றன என்றும், மோட்டார் வாகனங்கள் அவ்வாயுக்களின் பெருமூலங்களுள் ஒன்று என்றும் அவர் காட்டினார். இவ்வரலாற்றின் முதலாவது பழுதறிதல் பிழையாகவே அமைந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவ்வாய்வுகளால் தூண்டப்பெற்றவருள் பிரான்சில் பிறந்த பொறியியலாளர் இயூஜின் ஊட்ரி குறிப்பிடத்தக்கவர். கனிய எண்ணெயை ஊக்கியின் துணைகொண்டு உடைக்கும் முறையினால் ஏற்கனவே புகழெய்தியிருந்த அவர், வாகனப் புகையைத் தூய்மையாக்கும் ஊக்கி மாற்றிக்கு 1956 இல் அமெரிக்க ஆக்கவுரிமம் பெற்றார். எனினும் அன்றைய பெற்றோலிற் கலந்திருந்த ஈயம் ஊக்கியின் மேற்பரப்பிற் படிந்து அதனைச் செயலிழக்கச் செய்தது. எஞ்சினில் எழும் தட்டொலியைத் தடுக்கும் பொருட்டு 1920களிலிருந்து பெற்றோலுடன் சேர்க்கப்பட்டு வந்த ஈயம் அது. அதனைத் தயாரித்த தொழிலாளர் சிலர் 1924 இல் நியூ ஜேர்சியில் நஞ்சேறி இறந்த பின்னரும் அதன் பாவனை நீடித்தது.

1970 இல் ஐக்கிய அமெரிக்கா இயற்றிய தூய காற்றுச் சட்டம், புதிய வாகனங்கள் வெளியிடும் காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபன்களையும் 1975 ஆம் ஆண்டளவில் 90 சதவீதத்தாற் குறைக்க வேண்டுமென விதித்தது. காலக்கெடு பின்னர் தளர்த்தப்பட்டதாயினும், 1975 ஆம் ஆண்டு மொடல்களிற் பெரும்பாலானவை ஊக்கி மாற்றியுடன் வெளிவந்தன. அதற்கு ஆயத்தமாக 1974 யூலை முதல் ஈயமற்ற பெற்றோலை விற்பது பெரிய எரிபொருள் நிலையங்களின் கடமையாக்கப்பட்டது. மனித உடலைக் காப்பதற்கென ஈயத்தைக் குறைக்க முனைந்த விதிகள் நீதிமன்றங்களில் வழக்காடப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், ஒரு கருவியைக் காக்கும் தேவையே ஈயமற்ற பெற்றோலை முதலில் நடைமுறைக்குக் கொணர்ந்தது. இதனை வரலாற்றின் முரண் என்றே கூறுதல் வேண்டும்.

இனி வெப்பத்தின் கதைக்கு வருவோம். மாற்றியின் உள்ளே தேன்கூடு போன்ற மட்பாண்டக் கட்டி உண்டு. அதன் நுண்ணிய வழிகளின் சுவர்களிற் பிளாற்றினம், பலேடியம், றோடியம் முதலிய உலோகங்கள் பூசப்பட்டுள்ளன. அவற்றின் மேல் நிகழும் ஒட்சியேற்றம் வெப்பத்தை வெளிவிடுவதாகும். ஆகவே ஏறத்தாழ 400 முதல் 800 பாகை செல்சியசு வரையிலான வெப்பநிலை மாற்றிக்கு இயல்பானது. ஆயின் ஓர் உருளையில் தீப்பொறி தவறினால், அங்கு எரியவேண்டிய பெற்றோலும் அதற்குரிய காற்றும் அப்படியே வெளியேறி மாற்றியினுள் எரிகின்றன. வெப்பநிலை 1000 பாகையைக் கடக்கிறது. முற்றிய நிலையிற் கட்டியே உருகி வழிகளை அடைத்துவிடுகிறது. புகை வெளியேற வழியின்றி எஞ்சின் வலுவிழக்கிறது. சாரதி உணர்வது வலுவிழப்பை. திருத்துநர் காண்பது சிவந்து தகிக்கும் மாற்றியை. பழுதோ இவ்விரண்டுக்கும் முன்னே, பிளக்கிலோ எரிபொருள் விசிறியிலோ இருக்கின்றது.

முதற்காலத்தில் இத்தொடர்பு போதியளவு கண்காணிக்கப்படவில்லை. உலர்ந்த புல்லின் மேல் நிறுத்தப்படும் வாகனங்களால் தீ மூளலாம் என்ற அச்சம் எழுந்தபோது, மாற்றியைச் சூழ வெப்பத் தடுப்புத் தகடுகள் பொருத்தப்பட்டன. யப்பானிய வாகனங்கள் சிலவற்றில் மாற்றி சூடேறியதும் ஒளிரும் எச்சரிக்கை விளக்கு இடம்பெற்றது. தகடு வெப்பத்தை மறைத்தது. விளக்கு வெப்பத்தை அறிவித்தது. ஏன் சூடேறியது என்பதை இரண்டுமே கூறவில்லை.

நோக்கு மெல்ல மெல்லவே எஞ்சினை நோக்கித் திரும்பியது. புகையிலுள்ள ஒட்சிசனை அளந்து எரிபொருட் கலவையைத் திருத்தும் உணரியை வொல்வோ நிறுவனம் 1976 இல் மும்முனை ஊக்கியுடன் இணைத்து அறிமுகஞ் செய்தது. 1996 ஆம் ஆண்டு மொடல்களிலிருந்து ஐக்கிய அமெரிக்காவிற் புதிய கார்கள் தம் பழுதைத் தாமே கண்டறியும் முறையைக் கொண்டிருக்க வேண்டுமென்பது விதியாயிற்று. இம்முறையில், சுழற்றித்தண்டின் வேகத்தில் ஏற்படும் நுண்ணிய தளர்வுகளைக் கணினி கவனித்து, எரிதல் தவறிய உருளையை இனங்காண்கிறது. ஊக்கியைச் சிதைக்கத்தக்க அளவுக்குத் தவறுதல் மிகுமாயின், எஞ்சின் விளக்கு நிலையாக எரியாது விட்டுவிட்டு ஒளிர்கிறது. மாற்றியைக் காக்கும் எச்சரிக்கை ஈற்றில் மாற்றியிலன்றி எஞ்சினிலிருந்தே பிறந்தது.

இலங்கையிற் பெற்றோலிலிருந்து ஈயம் நீங்கியது 2002 இலேயாகும். உலகில் இறுதியாக அதனைக் கைவிட்ட அல்ஜீரியா 2021 வரை காத்திருந்தது. இன்று பழுதடைந்த மாற்றியொன்று கராஜுக்கு வரும்போது, அதனைக் கழற்றிப் புதியதைப் பூட்டுவது எளிது. பிளக், தீமூட்டற் சுருள், எரிபொருள் விசிறி, ஒட்சிசன் உணரி ஆகியவற்றைப் பரிசோதியாது அவ்வாறு செய்வோமாயின், பெரும் விலைகொடுத்து வாங்கிய புதிய மாற்றியும் அதே தீயில் உருகும். இயங்காத தொழிற்சாலையின் மேல் தொடர்ந்து நின்ற புகைமூட்டம் 1943 இல் உணர்த்தியதும் இதுவேயன்றோ? விளைவு தோன்றும் இடத்திலேயே நின்றுவிடாது அதன் மூலத்தை நாடிச் செல்வது திருத்துநருக்கு மட்டுமன்றி வரலாற்று மாணவர்க்கும் உரிய கடமையாகும்.