அட்டை கேட்காத காப்பு: சோஹாரை முன்வைத்து இதயநோய்த் தடுப்பின் வரலாறு, 1950–2025

முன்னுரை

ஓமானின் வட பாத்தினாக் கடற்கரையில் உள்ள சோஹார், பத்தாம் நூற்றாண்டில் அல்-முகத்தசி செழிப்பான துறைமுகம் என்று எழுதிவைத்த ஊர். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மீனையும் பேரீச்சையையும் எலுமிச்சையையும் நம்பி வாழும் கடலோர ஊராகச் சுருங்கியிருந்தது. 2002இல் ஓமான் அரசும் ராட்டர்டாம் துறைமுகமும் கூட்டாக நிறுவிய புதிய துறைமுகமும், 2008இல் உற்பத்தியைத் தொடங்கிய அலுமினிய ஆலையும் அதன் முகத்தை மாற்றின. வெல்டர், பைப் ஃபிட்டர், சாரம் கட்டுபவர், டிரெய்லர் ஓட்டுநர், மெஸ் சமையல்காரர் என்று தமிழர்களும் அங்கே வேலைக்குப் போனார்கள்.

இதயநோயைத் தடுக்கும் அறிவு கடந்த எழுபது ஆண்டுகளில் எப்படித் திரண்டது, அதில் எந்தப் பகுதி இந்தத் தொழிலாளி வரை வந்தது, எது வழியிலேயே நின்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வரிசையாகப் பார்க்கும்போது ஒரு பாங்கு தெரிகிறது. அடையாள அட்டையைப் பார்த்து வழங்கப்பட்ட பாதுகாப்பு குடிமக்களோடு நின்றுவிட்டது. வரியாகவும் உணவுச் சட்டமாகவும் வந்த பாதுகாப்பு யாரிடமும் அட்டை கேட்காமல் தொழிலாளர் முகாமின் சமையல்கூடம் வரை போனது.

1. கூலிகளின் உடலிலிருந்து கிடைத்த பாடம்

அமெரிக்காவின் ஃபிராமிங்காம் நகரில் 1948இல் தொடங்கிய ஆய்வுதான் புகை, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் ஆகியவற்றை இதயநோயோடு பிணைத்துக் காட்டியது என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. ஏறக்குறைய அதே காலத்தில் சிங்கப்பூரில் நடந்த ஒரு வேலை தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமானது. டி. ஜே. தனராஜும் அவருடைய சகாக்களும் 1950களின் முற்பகுதியில் அங்கே நடந்த ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிரேதப் பரிசோதனைப் பதிவுகளைப் புரட்டி, 1959இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சீனர்களைக் காட்டிலும் இந்தியர்களிடம் இதயத் தமனி நோய் ஏறத்தாழ ஏழு மடங்கு காணப்பட்டது. அந்நாள் சிங்கப்பூர் இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களில் பலர் உடலுழைப்புத் தொழிலாளர்கள். ஆக, கடல் கடந்து வேலைக்குப் போன தமிழரின் இதயம் மருத்துவ ஏட்டில் முதலில் இடம்பெற்ற இடங்களில் ஒன்று சிங்கப்பூரின் பிணவறை.

அடுத்த சான்று இந்திய ரயில்வேயிலிருந்து வந்தது. பதினோரு லட்சத்துக்கும் மேற்பட்ட ரயில்வே ஊழியர்களின் இறப்புப் பதிவுகளை ஆராய்ந்த எஸ். எல். மல்ஹோத்ரா, 1967இல் ஒரு புதிரை முன்வைத்தார். நெய்யும் பாலும் தாராளமாகச் சாப்பிட்ட வடக்கத்தி ஊழியர்களைவிடத் தெற்கத்தி ஊழியர்கள் ஏழு மடங்கு அதிகமாக, அதுவும் இளம் வயதிலேயே, இதயத் தமனி நோயால் இறந்திருந்தார்கள். இறப்புக் காரணம் எல்லா ஊர்களிலும் ஒரே கவனத்தோடு பதிவாகியிருக்குமா என்ற ஐயத்துக்கு இடமுண்டு. ஆயினும் கொழுப்பு ஒன்றையே குற்றவாளியாக்கினால் கணக்கு நேராகாது என்பது அன்றே தெரிந்துவிட்டது. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பும் இன்சுலின் செயல் குன்றுவதும் தெற்காசியர்களிடம் ஒன்றாகச் சேர்ந்து வருவதை, லண்டனின் சவுத்தால் பகுதியில் மக்கேக் குழுவினர் நடத்திய ஆய்வு 1991இல் தெளிவாக்கியது. இந்திய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ.க்கும், பெண்களுக்கு 80 செ.மீ.க்கும் மேல் போகக் கூடாது என்ற இன்றைய அளவுகோல் இந்த வழியில் வந்தது. கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளியிருக்கும் உடலை ‘ஒல்லியான ஆள்தானே’ என்று விட்டுவிட முடியாது.

52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு இந்த இழைகளை ஒன்றாக முடிந்தது. புகை, கொழுப்புச் சமநிலைக் கேடு, இரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கனிக் குறைவு, உடற்பயிற்சியின்மை, மது ஆகிய ஒன்பதும் சேர்ந்து முதல் மாரடைப்பின் ஆபத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேலானதை விளக்கின. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்றும், பிற நாட்டவர்க்கு அது சுமார் 59 என்றும் 2007இல் வந்த பகுப்பாய்வு காட்டியது. ஆறு ஆண்டு வித்தியாசம் என்பது வளைகுடாவில் உழைக்கும் ஒருவர் மகளுக்குக் கல்யாணம் செய்து, வீட்டுக்கடனை அடைத்து முடிக்கும் காலம்.

2. ஓமானின் மாற்றமும் அட்டை கேட்ட திட்டங்களும்

1970இல் சுல்தான் காபூஸ் ஆட்சிக்கு வந்தபோது ஓமான் முழுவதற்கும் இருந்த மருத்துவமனைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மூன்று பத்தாண்டுகளில் நிலை தலைகீழானது. உலக சுகாதார நிறுவனத்தின் 2000ஆம் ஆண்டு அறிக்கை சுகாதார அமைப்பின் ஒட்டுமொத்தச் செயல்பாட்டில் ஓமானுக்கு எட்டாம் இடம் கொடுத்தது. தொற்றுநோய்கள் பின்வாங்க, காரும் ஏசியும் இறக்குமதி உணவும் வேறு நோய்களைக் கொண்டுவந்தன. இருபது வயதுக்கு மேற்பட்டோரில் சர்க்கரை நோய் 1991இல் 8.3 சதவீதம், 2000இல் 11.6 சதவீதம். வெளிநாட்டவரையும் சேர்த்து, 15 வயதுக்கு மேற்பட்டோரிடம் 2017இல் எடுத்த கணக்கில் அது 15.7 சதவீதம். கணக்கெடுத்த விதம் மாறியிருப்பதால் மூன்றையும் அப்படியே ஒப்பிட முடியாது என்றாலும், போக்கு எந்தப் பக்கம் என்பதில் ஐயமில்லை. ஓமான் உட்பட ஆறு நாடுகளின் மருத்துவமனைகள் 2006–07இல் நடத்திய ‘கல்ஃப் ரேஸ்’ பதிவேட்டில், மாரடைப்போடு வந்தவர்கள் மேலைநாட்டு நோயாளிகளைவிடச் சுமார் பத்தாண்டு இளையவர்களாக இருந்தார்கள்.

இதற்கு அரசுகள் தந்த முதல் விடை பரிசோதனைத் திட்டங்கள். நாற்பது வயதைத் தாண்டிய ஓமானியர்களுக்கு இரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால், சிறுநீரகம் ஆகியவற்றைச் சோதிக்கும் தேசியத் திட்டம் 2006இல் வந்தது. அபுதாபி 2008இல் தொடங்கிய ‘விக்காயா’ திட்டம் எமிராத்தியர்களில் மிகப் பெரும்பான்மையோரின் இதய ஆபத்தை அளந்து, தனித்தனியே அறிக்கை கொடுத்தது. இரண்டும் நல்ல திட்டங்களே. ஆனால் இரண்டும் குடிமக்களுக்கானவை.

தொழிலாளிக்கு வேறொரு பரிசோதனை உண்டு. விசாவுக்கு முன் சென்னையிலோ திருச்சியிலோ எடுக்கும் ‘மெடிக்கல்’ முக்கியமாகக் காசநோய், எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை வைரஸ் போன்றவற்றைத் தேடுகிறது. பிரஷரையும் சர்க்கரையையும் பார்ப்பதுண்டு. ‘ஃபிட்’, ‘அன்ஃபிட்’ என்று சொல்வதோடு அதன் வேலை முடிகிறது. அன்ஃபிட் ஆகிவிடுவோமோ என்ற பயத்தில் பிரஷர் இருப்பதை மறைப்பவர்களும் உண்டு. நோயைக் கண்டுபிடிப்பது வேலையைப் பறிக்கும் என்றால் பரிசோதனையே தடுப்புக்கு எதிராகிவிடுகிறது.

ஊர்ப் பக்கத்தில் நிலைமை முன்னேறியிருக்கிறது. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. 2023இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாட்டின் அடங்கிய முதல் தவணை மருந்தை உடனே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். ராமநாதபுரத்தில் இருக்கும் அம்மாவுக்கு மாத்திரை வீடு தேடி வருகிறது. சோஹாரில் இருக்கும் மகன், லீவில் வந்தபோது வாங்கிய மாத்திரைகள் தீர்ந்ததும் யாராவது ஊரிலிருந்து வருகிறார்களா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

3. அட்டை கேட்காத சட்டங்கள்

விலை வழியாக வந்த காப்பு வேறு வகை. ஓமான் 2019 ஜூன் நடுவிலிருந்து புகையிலைக்கும் எனர்ஜி டிரிங்குகளுக்கும் 100 சதவீதமும், கேஸ் அடைத்த பானங்களுக்கு 50 சதவீதமும் சிறப்பு வரி விதித்தது; 2020இல் சர்க்கரை சேர்த்த பிற பானங்களும் அதற்குள் வந்தன. கஃப்டீரியாவில் பராட்டாவுக்குள் சிப்ஸ் நொறுக்கிச் சுருட்டி, கையில் ஒரு குளிர்பான டின்னோடு பசியாறுவது வளைகுடாவின் பொதுப் பழக்கம். அந்த டின் விலையேறியதும் பக்கத்தில் இருக்கும் லபான், அதாவது மோர், மலிவாகத் தெரிகிறது. வாங்குபவர் ஓமானியா தமிழரா என்று வரி கேட்பதில்லை.

டிரான்ஸ் கொழுப்பு இன்னும் தெளிவான சான்று. டால்டா போன்ற கெட்டியாக்கிய எண்ணெய்களில் இருக்கும் இது, கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டி நல்லதைக் குறைக்கும். அதை ஒழித்ததற்காக உலக சுகாதார நிறுவனம் 2025இல் ஆஸ்திரியா, நார்வே, சிங்கப்பூர் ஆகியவற்றோடு ஓமானுக்கும் அங்கீகாரம் அளித்தது. இந்தியாவும் 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்புகளில் இதன் வரம்பை 2 சதவீதமாக்கியது. மெஸ் சமையல்காரர் எதையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அவர் வாங்கும் டின்னுக்குள்ளேயே பொருள் மாறிவிட்டது. தொழிலாளியின் மன உறுதியை நம்பியிராத தடுப்பு இது.

4. முகாமின் நாள்

சட்டம் எட்டாத இடம் முகாமின் அன்றாடம். பகல் சாப்பாட்டை மெஸ்ஸில் விடியுமுன்பே கட்டிவிடுகிறார்கள். டிபன் கேரியரின் அடித்தட்டு முழுக்கச் சோறு. மேல்தட்டில் எண்ணெய் மிதக்கும் குழம்பும் கொஞ்சம் பருப்பும். காய் என்பது குழம்பில் கிடக்கும் இரண்டு உருளைக்கிழங்குத் துண்டு. ராத்திரிக்குக் குப்பூஸ் ரொட்டி. வயிறு நிறைகிறது, காய்கனி இல்லை, நார்ச்சத்து இல்லை, உப்பு அதிகம். இத்தனைக்கும் பாத்தினாக் கடலில் இதயத்துக்கு நல்ல கொழுப்பு நிறைந்த மத்தி மீன் அமோகம். சந்தையில் கிடைக்கும் பொருளுக்குக் குறைவில்லை. மெஸ் ஒப்பந்தம் ஆளுக்கு இவ்வளவு என்று பேசும் தொகைதான் தட்டைத் தீர்மானிக்கிறது.

நாள் முழுக்க உடம்பை வளைத்து வேலை செய்பவருக்குத் தனியாக நடைப்பயிற்சி எதற்கு என்ற கேள்வி எழும். லண்டன் பேருந்துகளில் உட்கார்ந்தே இருக்கும் ஓட்டுநரைவிட மாடிப்படி ஏறி இறங்கும் நடத்துநருக்கு இதயநோய் குறைவு என்று 1953இல் ஜெரி மாரிஸ் காட்டியது உண்மைதான். ஆனால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியான கோபன்ஹேகன் ஆய்வு வேறொன்றைச் சொன்னது. ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் பயிற்சி இதயத்தைக் காக்கிறது. வேலையில் படும் கடும் பாடு அப்படிக் காப்பதில்லை, ஆபத்தைக் கூட்டவும் செய்கிறது. பாரம் தூக்கும்போது இரத்த அழுத்தம் மணிக்கணக்கில் உயர்ந்தே இருக்கிறது, ஆறுவதற்கு இடைவெளி கிடைப்பதில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். இதோடு நைட் டியூட்டியும் சேர்கிறது. ஷிஃப்ட் வேலை மாரடைப்பு ஆபத்தை 23 சதவீதம் கூட்டுவதாக 2012இல் வந்த தொகுப்பாய்வு கணித்தது. டிரெய்லர் ஓட்டுநருக்கு நடையும் சாரம் கட்டுபவருக்கு ஓய்வும் மருந்து.

வெயிலின் பங்கும் சிறிதல்ல. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகல் 12:30 முதல் 3:30 வரை திறந்தவெளி வேலைக்கு ஓமானில் தடை உண்டு. இதுவும் நாட்டைக் கேட்காத காப்புதான். பிரஷருக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர் கோடையில் அதன் அளவை டாக்டரிடம் கேட்டுச் சரிசெய்துகொள்ள வேண்டும். அதைக் கேட்க ஒரு டாக்டர் தொடர்ந்து கிடைப்பதே பாதி வைத்தியம்.

5. எண்ணப்படாத மரணம்

2009 முதல் 2017 வரை கத்தாரில் இறந்த நேபாளத் தொழிலாளர்களைப் பற்றி 2019இல் வெளியான ஆய்வு, கடும் வெப்ப மாதங்களில் இதய மரணங்கள் கூடியதைக் காட்டி, வெப்பத் தாக்கத்தைத் தடுத்திருந்தால் அவற்றில் குறைந்தது 200 தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டது. அடிப்படைச் சான்றின் பலவீனத்தையும் இத்தகைய ஆய்வுகள் வெளிப்படுத்துகின்றன. சான்றிதழில் ‘இதயச் செயலிழப்பு’, ‘இயற்கை மரணம்’ என்றிருந்தால், தமனி அடைத்ததா, வெயில் தாக்கியதா, தெரியாமலிருந்த சர்க்கரையா என்று பிரித்தறிய வழியில்லை. 1950களின் சிங்கப்பூரில் கூலித் தொழிலாளியின் உடலுக்குக் கிடைத்த பிரேதப் பரிசோதனை, எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு வளைகுடாவிலிருந்து பெட்டியில் வரும் பல உடல்களுக்குக் கிடைப்பதில்லை.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, அறிவுரையால் ஆகாததை உணவுச் சட்டமும் வரியும் சாதித்திருக்கின்றன. அதே வழியில் அடுத்த அடி முகாம் மெஸ் ஒப்பந்தம். ஆளுக்கு இத்தனை கிராம் காய்கறி, இவ்வளவுக்கு மேல் எண்ணெய் கூடாது, உப்பு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நாளொன்றுக்கு 5 கிராம் என்ற எல்லையை நோக்கி என்று எழுதிச் சேர்க்கலாம். இரண்டாவது, குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கும்போது நடக்கும் சோதனையில் பிரஷரோ சர்க்கரையோ தெரிந்தால், அது வேலையைப் பறிக்காமல் சிகிச்சையைத் தொடங்கும் ஏற்பாடாக வேண்டும். ஊரில் மாத்திரை தரும் திட்டத்தின் பதிவேட்டைத் தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நல வாரியம் இதோடு இணைக்கலாம். மூன்றாவது, இளவயது மரணங்களுக்குக் காரணம் தேடிப் பதிவு செய்யும் கடமையை இரு நாட்டு அரசுகளும் ஏற்க வேண்டும்.

இவற்றுக்குப் புதிய மருத்துவக் கண்டுபிடிப்பு எதுவும் வேண்டியதில்லை. தேவையான அறிவில் ஒரு பகுதியைத் தந்தவர்களே அன்று கடல் கடந்து போன தமிழ்க் கூலிகள்தாம். அதன் பயன் அவர்களைப் போலவே இன்று கடல் கடந்திருப்பவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று கேட்பது சலுகை கோருவதாகாது.