அலமாரி வச்சா வரி இல்லை: கேம்பர் வேனுக்குள் ஒளிஞ்சிருக்கிற வரலாறு

'கேரவன்'னு சொன்னா நமக்கு முதல்ல ஞாபகம் வர்றது ஷூட்டிங் ஸ்பாட்ல நிக்கிற நடிகர்களோட ஏசி பஸ்தான். இன்னைக்கு நான் பேசப்போறது வேற கேரவனைப் பத்தி. ஒரு பழைய வேனை வாங்கி, பிளைவுட் அறுத்து, கட்டில், அடுப்பு மேடை, இழுப்பறை எல்லாம் தானே செஞ்சு மாட்டிக்கிற வீடியோக்கள் உங்க போன்லயும் வந்திருக்கும். பார்க்க ஜாலியா இருக்கும். ஆனா வண்டிக்குள்ள ஒரு அலமாரியை அடிச்சு வைக்கிறதுல என்ன பெரிய வரலாறு இருக்கப்போகுதுன்னு நினைச்சுத்தான் நானும் படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க, அந்த அலமாரிக்குப் பின்னால சட்டம், வரி, யாரை எங்கே தங்க விடலாம் என்கிற சண்டை எல்லாமே வரிசையா வந்து நின்னது.

கதை நடக்கிற இடம் பிரிட்டன். அங்கே ரோமானி மக்கள் நெடுங்காலம் கூடாரங்களில்தான் தங்கி வந்தார்கள். ஏறத்தாழ 1850-க்குப் பிறகுதான் குதிரை இழுக்கும் மரவண்டியை வீடாக்கிக்கொள்ளும் பழக்கம் பரவியது. அந்த வண்டிக்கு 'வார்டோ' என்று பெயர். உள்ளே போய்ப் பார்த்தால், இன்றைய கேம்பர் வேனின் மொத்த யோசனையும் அங்கேயே இருக்கிறது. பின்பக்கம் குறுக்காக ஒரு கட்டில். அதற்கு அடியில் நகர்த்திச் சாத்தும் கதவுகளோடு ஒரு அலமாரி. இரவானால் அதுவே குழந்தைகளின் படுக்கை. ஏறியதும் இடது கைப்பக்கம் இரும்பு அடுப்பு.

அடுப்பு ஏன் அந்தப் பக்கம்? வார்டோவின் கதவு முன்பக்கம் இருக்கும். அதில் ஏறி உள்ளே பார்க்கும்போது நமக்கு இடது கைப்பக்கமாகத் தெரிவது வண்டிக்கு வலப்பக்கம். பிரிட்டனில் வண்டிகள் சாலையின் இடது ஓரமாகப் போகும். ஓரத்து மரக்கிளைகள் இடப்பக்கம்தான் உரசும். புகைபோக்கி வலப்பக்கம் இருந்தால் கிளையில் மாட்டாது. அவ்வளவுதான் விஷயம்! மரச்சட்டங்களின் விளிம்புகளைச் செதுக்கி வண்ணம் பூசியிருப்பார்கள். அது வெறும் அழகுக்காக மட்டும் செய்தது இல்லை. செதுக்கிய ஒவ்வொரு சீவலும் குதிரை இழுக்க வேண்டிய எடையில் கொஞ்சத்தைக் குறைத்தது.

இந்த வண்டிகளைப் பார்த்து ஆசைப்பட்டவர் வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ். கடற்படையில் மருத்துவராக இருந்தவர். சிறுவர்களுக்குக் கதை எழுதியவர். 1885-ல் பிரிஸ்டல் நகரத்தில் வண்டி கட்டும் நிறுவனம் ஒன்றிடம் தனக்கென ஒரு கேரவன் செய்து வாங்கினார். பெயர் 'வாண்டரர்'. மஹோகனி மரம், கிட்டத்தட்ட 2 டன் எடை, இழுக்க இரண்டு குதிரைகள். கூடவே ஒரு வண்டிக்காரர், ஒரு பணியாள், ஒரு நாய், ஒரு கிளி. பணியாளுக்கு ஒரு வேலை இருந்தது: மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போய், சாலையில் எதிரே என்ன வருகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும்! உல்லாசத்துக்காகவே கட்டப்பட்ட முதல் கேரவன் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. யோசனை ரோமானி மக்களுடையது. பெயரும் பாராட்டும் கனவானுக்கு. இந்தக் கதை முழுக்க இதுதான் திரும்பத் திரும்ப நடக்கப்போகுது.

இப்போ மோட்டார் காலத்துக்கு வருவோம். ஃபோக்ஸ்வாகன் வேன் 1950 மார்ச்சில் ஜெர்மனியில் உற்பத்திக்கு வந்தது. அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம், அந்த வேனுக்குள் தூக்கி வைக்கும் ஒரு மரச்சாமான் தொகுப்பை விற்க ஆரம்பித்தது. 1844-ல் தொடங்கி, குதிரை வண்டி செய்து வளர்ந்த நிறுவனம் அது. 'கேம்பிங் பாக்ஸ்' என்று பெயர். திங்கள் முதல் வெள்ளி வரை வேனில் சரக்கு ஏற்றலாம். சனிக்கிழமை பெட்டியை உள்ளே வைத்தால் படுக்கை, அலமாரி எல்லாம் தயார். போர் முடிந்து சில வருடங்களே ஆன நாட்டில், வேலைக்கு ஒரு வண்டி, விடுமுறைக்கு இன்னொரு வண்டி என்று யாரால் வாங்க முடியும்? ஒரே வண்டி ரெண்டு வேலையும் பார்த்தாகணும்.

பிரிட்டனில் இதே கதையை வரி எழுதியது. 1940-ல் அங்கே 'பர்ச்சேஸ் டாக்ஸ்' வந்தது. 1951-ல் கார்களுக்கு அந்த வரி 66⅔ சதவீதம். 1955-ல் 60 சதவீதம். ஆனால் சரக்கு வேனுக்கு அந்த அளவுக்கு வரி கிடையாது. அப்போ வேனை வாங்கி, பக்கத்தில் ஜன்னல் வெட்டி, சீட் போட்டுக் காராக ஓட்டினால் என்ன? அது அதிகாரிகளுக்கும் தெரியும். ஓட்டுநருக்குப் பின்னால் பக்கவாட்டில் ஜன்னல் வைத்தாலே அது கார்; வரி கட்டணும். தப்பிக்க ஒரு வழி இருந்தது. படுக்கை, சமையல் வசதி, அலமாரி எல்லாம் நிலையாகப் பொருத்தியிருந்தால் அது 'மோட்டார் கேரவன்'. அதற்குக் கார் வரி இல்லை.

யோசிச்சுப் பாருங்க. ஒரு தச்சர் செய்து மாட்டிய அலமாரிதான் அந்த வண்டி காரா, வீடா என்று முடிவு செய்தது.

அதனால் அந்த வேலை கார் தொழிற்சாலைகளைவிட மரப்பட்டறைகளைத் தேடித்தான் வந்தது. தெற்குக் கடற்கரையில் சிட்மவுத் என்ற ஊரில் 1956-ல் தொடங்கிய 'டெவன்' பட்டறை, ஃபோக்ஸ்வாகன் வேன்களுக்கு மரச்சாமான் செய்து பெயர் வாங்கியது. ஃபோக்ஸ்டன் ஊரின் மார்ட்டின் வால்டர் நிறுவனம் 'டார்மொபைல்' வண்டிகளைத் தந்தது. அவர்கள் 18-ம் நூற்றாண்டில் குதிரைச் சேணம் தைத்தவர்கள்.

இது வீட்டுத் தச்சு வேலை மாதிரி சுலபம் கிடையாது. வேனுக்குள் நேரான சுவரே இருக்காது. எல்லாப் பக்கமும் வளைவு. முதலில் அட்டையை வெட்டி வெட்டி வளைவுக்குப் பொருத்தி மாதிரி எடுத்து, அதை வைத்துத்தான் பிளைவுட்டை அறுக்கணும். ஓடும் அதிர்வில் திருகாணி தானாகக் கழலும். வளைவில் திரும்பும்போது இழுப்பறை திறந்து தட்டெல்லாம் கீழே கொட்டும்; தாழ்ப்பாள் இல்லாமல் முடியாது. கனமான சாமானை எல்லாம் ஒரே பக்கம் வைத்தால் வண்டி சாயும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் சிலிண்டர் பெட்டிக்கு அடிப்பக்கம் காற்றுத் துளை கட்டாயம் வேணும். இன்றைக்கு வீட்டு வாசலில் வேன் கட்டுகிறவர்களும் இதே பாடங்களைத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

இதுவரை சந்தோஷமான கதை. அதே வருடங்களில் இன்னொன்றும் நடந்தது. 1959-ல் பிரிட்டனின் நெடுஞ்சாலைச் சட்டத்தில் ஒரு பிரிவு வந்தது. சாலையோரத்தில் முகாம் போடுவதை அது குற்றமாக்கியது. எல்லோருக்கும் இல்லை, தெருவில் அலைந்து விற்கும் வியாபாரிகளுக்கும் 'ஜிப்சி'களுக்கும். ஆமாம், சட்டத்திலேயே அந்த வார்த்தையைப் போட்டு எழுதியிருந்தார்கள். அடுத்த வருடம், 1960-ல் வந்த கேரவன் தளச் சட்டம், தங்குமிடங்களுக்கு உரிமம் கேட்டது. ரோமானி மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கி வந்த பல இடங்கள் மூடப்பட்டன.

ஒரு பக்கம், அலமாரி மாட்டிய வேனுக்கு வரிச்சலுகை. கடற்கரைக்குக் குடும்பத்தோடு உல்லாசப் பயணம். இன்னொரு பக்கம், அந்த அலமாரியை நூறு வருடம் முன்பே வண்டிக்குள் வைத்து வாழ்ந்தவர்களுக்கு அபராதம். வண்டிக்குள் இருந்த சாமான் கிட்டத்தட்ட ஒன்றுதான். உள்ளே யார் தூங்கினார்கள் என்பதில்தான் எல்லா வித்தியாசமும்.

அது பழைய கதைன்னு விட முடியல. 2022-ல் வந்த ஒரு சட்டம், அடுத்தவர் நிலத்தில் அனுமதியில்லாமல் வண்டியோடு தங்கி, தொந்தரவு தருவதாகச் சொல்லப்பட்டு, வெளியேறச் சொல்லியும் போகாதவர்களின் வண்டியையே போலீஸ் பறிமுதல் செய்ய வழி செய்தது. அந்த வண்டியே வீடு என்றால், பறிபோவது என்ன?

இதுக்கு நடுவுல ஒரு வேடிக்கையும் உண்டு. 2019-ல் பிரிட்டனின் வாகனப் பதிவுத் துறை தன் பார்வையை மாற்றிக்கொண்டது. ஆவணத்தில் 'மோட்டார் கேரவன்' என்று எழுத, உள்ளே கட்டிலும் அடுப்பும் இருந்தால் மட்டும் போதாது. வெளியிலிருந்து பார்த்தாலே அப்படித் தெரிய வேண்டும்: பக்கவாட்டு ஜன்னல்கள், உயரமான கூரை, வெய்யில் மறைப்பு மாட்டும் கம்பி, அந்த மாதிரி வண்டிகளில் இருக்கும் ஸ்டிக்கர் கோடுகள். மாதக்கணக்கில் கையால் இழைத்த அலமாரியைவிட, வெளியே ஒட்டிய ஸ்டிக்கருக்கு மதிப்பு கூடிப்போச்சு!

நம்ம ஊரில் இதைச் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் இதே இடத்தில்தான் நிற்கிறது: தயாரித்த நிறுவனம் சொன்னதிலிருந்து வண்டியின் பதிவு விவரங்கள் மாறுகிற மாதிரி உரிமையாளர் கை வைக்கக் கூடாது. அதனால் ரம்பத்தை எடுக்கிறதுக்கு முன்னாடி ஆர்டிஓ அலுவலகத்துக்கு ஒரு நடை போயிட்டு வந்துடுங்க.

அடுத்த முறை அந்த மாதிரி வீடியோ வந்தா, கட்டிலுக்கு அடியில் இருக்கிற அலமாரியைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. ஒரு காலத்தில் அங்கே குழந்தைகள் தூங்கினார்கள். அவர்களோட பேரப்பிள்ளைகளுக்கு வண்டியை நிறுத்த இடம் கிடைக்காம போச்சு.