கை கால் எல்லாம் இருக்குத்தானே?

எங்களில் ஒருத்தியின் பெரியப்பா சுருவிலில் இருக்கிறார். பனை ஏறிச் சீவல் தொழில் செய்தவர். பதினொரு வருசத்துக்கு முன்னம் மரத்திலிருந்து விழுந்தார். எலும்பு பொருந்திவிட்டது, நடக்கிறார். ஆனால் இடுப்பிலிருந்து இடது பாதம் வரைக்கும் அன்றைக்குத் தொடங்கின எரிவு இன்னும் நிற்கவில்லை. போர்வை பட்டாலே சுள்ளென்று இழுக்கும். இரவில் ஈரத் துவாயைக் காலில் சுற்றிக்கொண்டுதான் படுப்பார்.

மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவுக்குத் தான் விண்ணப்பித்த கதையைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். படிவத்தை வாங்கினவர் நிமிர்ந்து ஆளைப் பார்த்திருக்கிறார். “ஐயா, உங்களுக்குக் கை கால் எல்லாம் இருக்குத்தானே?” அவ்வளவுதான். பெரியப்பா வீட்டுக்கு வந்துவிட்டார்.

கேட்டவர் கெட்ட மனிதர் என்று நாங்கள் நினைக்கவில்லை. அந்தக் கேள்வி அவர் பிறக்க முன்னமே இருந்தது. அது எங்கேயிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தோம்.

உடம்புக்கு ஒரு பட்டியல்

1923இல் பிரித்தானிய இந்தியாவில் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் வந்தது. அதன் பின்னிணைப்பில் ஓர் அட்டவணை. வலது கை முழங்கைக்கு மேலே போனால் உழைப்புத் திறனில் 70 வீதம் இழப்பு. இடது கை என்றால் 60. கால் முழங்காலுக்கு மேலே போனால் 60. ஒரு கண் 30, பெருவிரல் 25, சுட்டுவிரல் 10, மற்ற விரல்கள் ஒவ்வொன்றும் 5. இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் இதே அச்சில்தான் வார்க்கப்பட்டது.

வாசிக்கும்போது இறைச்சிக்கடை விலைப்பட்டியல் மாதிரி இருந்தாலும், அந்தக் காலத்தில் அது தொழிலாளர்களுக்குக் கிடைத்த வெற்றி. அதற்கு முன்னர் முதலாளியின் பிழையை நிரூபிக்காமல் ஒரு சதமும் வாங்க ஏலாது. பட்டியல் வந்த பிறகு விரலைக் காட்டினால் போதும்.

பிரச்சினையும் அதிலேதான் இருக்கிறது. காட்டுவதற்கு ஏதாவது வேணும். அட்டவணையில் நோவுக்கென்று ஒரு வரி கிடையாது. பட்டியலில் இல்லாத காயத்துக்கும் உழைக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று கணக்குப் பார்க்கச் சட்டத்தில் இடம் இருந்தது. ஆனால் அதை நிரூபிக்கும் பாரம் காயப்பட்டவர் தலையில். அதோடு, இந்தச் சட்டத்துக்கு முதலாளி ஒருவர் வேணும். தானே மரம் ஏறி, தானே கள்ளை விற்றவருக்கு யார் முதலாளி?

எங்கள் மொழியும் இதிலே சுத்தம் இல்லை. இன்றைக்கும் கடிதங்களில் வரும் ‘அங்கவீனம்’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். அங்கம் குறைந்தது என்றுதான் அர்த்தம். அங்கம் எல்லாம் இருந்து, அதில் ஒன்று இரவு பகலாக எரிந்தால் அந்தச் சொல்லுக்குள் அடங்காது.

வைத்தியர்களுக்குத் தெரியாமல் இல்லை

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது சைலஸ் வியர் மிற்செல் என்ற வைத்தியர் பிலடெல்பியாவில் நரம்புக் காயங்களுக்கென்றே ஒதுக்கின இராணுவ வைத்தியசாலையில் வேலை செய்தார். குண்டு நரம்பைத் தொட்டுப்போன சிப்பாய்களைப் பற்றி அவரும் இரண்டு சக வைத்தியர்களும் 1864இல் ஒரு புத்தகம் எழுதினார்கள். புண் ஆறிவிட்டது, ஆனால் கை எரிகிறது. காகிதம் உரசினாலே துடிக்கிறார்கள். ஈரத்துணியைக் கையில் சுற்றிக்கொண்டே திரிகிறார்கள். சிலர் சப்பாத்துக்குள் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறார்கள். இதை வாசித்த நேரம் எங்களுக்குப் பெரியப்பாவின் துவாய்தான் ஞாபகம் வந்தது.

அதே வருசம் அதே மூன்று வைத்தியர்களும் இன்னொரு கட்டுரையும் எழுதினார்கள். நரம்பு வருத்தம் இருக்கிற மாதிரி நடிக்கும் சிப்பாய்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது பற்றி. ஈதர் கொடுத்து மயக்கிப் பார்ப்பதும் அவர்கள் கையாண்ட ஒரு வழி. நரம்பு நோவு மருத்துவத்துக்குள் வந்த நாளிலேயே சந்தேகமும் கூட வந்துவிட்டது.

சம்பளமா, உரிமையா?

ஐவர் ஜெனிங்ஸ் தலைமையிலான சமூக சேவைகள் ஆணைக்குழு 1947இல் அறிக்கை தந்தது. 1948இல் சமூக சேவைகள் திணைக்களம் உருவானது. வறியவர்களுக்கும் வருத்தக்காரர்களுக்கும் மாதம் கொஞ்சக் காசு கொடுக்கப்பட்டது. எங்கள் சனம் அதற்கு வைத்த பெயர் ‘பிச்சைச் சம்பளம்’. சிங்களத்தில் ‘பின் படி’, அதாவது புண்ணியச் சம்பளம். இரண்டு பெயரிலும் கொடுப்பவர்தான் பெரியவர். வாங்குபவர் தன்னை நிரூபித்துக்கொண்டே இருக்கவேணும்.

1996இல் இது சட்டத்தில் மாறியது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டத்தின் வரைவிலக்கணம் அங்கத்தைப் பற்றிப் பேசவே இல்லை. உடல் அல்லது உள ஆற்றலில் உள்ள குறைபாட்டால், தன் வாழ்க்கைத் தேவைகளை முழுதாகவோ பகுதியாகவோ தானே நிறைவேற்ற முடியாதவர் என்றுதான் சொல்கிறது. ‘பகுதியாகவோ’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பெரியப்பா இந்த வரிக்குள் தாராளமாக வருவார். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது.

சட்டம் மாறினாலும் எண்ணும் முறை அவ்வளவாக மாறவில்லை. 2012 குடிசன மதிப்பீடு ஆறு விசயங்களில் கஷ்டம் இருக்கிறதா என்று கேட்டது: பார்த்தல், கேட்டல், நடத்தல், ஞாபகம், தன்னைப் பராமரித்தல், தொடர்பாடல். ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானோர், 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், ஏதோ ஒன்றுக்கு ஆம் என்றார்கள். நோவைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. ஷெல் துண்டை உடம்பில் வைத்துக்கொண்டு திரிகிறவர்கள், சலரோகத்தால் பாதம் எரிகிறவர்கள் என்று எங்கள் பக்கத்தில் எத்தனை பேர்! அவர்களுக்கும் கை கால் எல்லாம் இருக்கிறது.

அஸ்வெசும 2023 யூலையில் தொடங்கியபோது மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் 5,000 ரூபா. 2024இல் 7,500. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 10,000. நரம்புக் குளிசைக்கும், பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் கிளினிக்குக்குப் போய்வரும் செலவுக்கும் அது சின்னக் காசு இல்லை.

நோவை எப்படி எழுதுவது?

மொன்றியலில் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர் நோயாளிகள் நோவைச் சொல்லப் பாவிக்கும் சொற்களைச் சேகரித்தார். 1975இல் 78 சொற்களை 20 கூட்டமாகப் பிரித்து வினாக்கொத்தாக வெளியிட்டார். எரியுதா, குத்துதா, சுடுதா என்பதிலிருந்தே எந்த வகை நோ என்று ஓரளவு பிடிக்கலாம் என்று காட்டியது அது. யாழ்ப்பாணத் தமிழிலும் இதற்குப் பஞ்சமில்லை: நோ, உளைவு, எரிவு, குத்து, கடுப்பு, விறைப்பு, ‘கரண்ட் அடிச்ச மாதிரி’. ஆனால் பெரியப்பா படிவத்தில் எழுதியிருந்தது ‘கால் வருத்தம்’ என்ற இரண்டே சொல்.

உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய் வகைப்படுத்தல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் நாட்பட்ட நரம்பு நோவுக்குத் தனிக் குறியீடே இருக்கிறது. இங்கிலாந்தில் 2013இல் வந்த ‘பிப்’ கொடுப்பனவில் ஒரு வேலையைச் செய்ய முடியுமா என்பதோடு விசயம் முடிவதில்லை. பத்திரமாக, திருத்தமாக, திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடியுமா என்றும் பார்க்கவேணும். அங்கேயும் மறுக்கப்பட்டுத் தீர்ப்பாயம் வரைக்கும் போகிறவர்கள் ஏராளம். என்றாலும் கேள்வி சரியான கேள்வி.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பெரியப்பாவோடு ஒரு பின்னேரம் முற்றத்தில் இருந்தோம். “நடப்பீங்களோ?” என்று கேட்டால் “ஓம் பிள்ளை, நடப்பன்” என்பார். “கடைக்குப் போய் உடனே திரும்பி வருவீங்களோ?” “ஐயோ, அங்க ஒரு அரைமணித்தியாலம் இருந்துதான் வரவேணும்.” “தண்ணி அள்ளுவீங்களோ?” “ஒரு வாளி அள்ளுவன். ரெண்டாவதுக்குக் கால் விட்டிடும். அண்டைக்கு இரவு நித்திரை இல்லை.”

அப்படியே எழுதினோம். எவ்வளவு தூரம், எத்தனை வாளி, எவ்வளவு நேரம் நிற்க ஏலும், கிழமையில் எத்தனை இரவு நித்திரையில்லை. கிளினிக் கொப்பியின் பிரதியை இணைத்தோம். ‘நரம்புக் காயத்தால் வந்த நாட்பட்ட நோ’ என்பதையும் அதனால் செய்ய முடியாத வேலைகளையும் வைத்தியரிடம் கேட்டு அறிக்கையில் எழுதுவித்தோம். 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்த வரியையும் மேலே எழுதினோம். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம் என்றும் அவருக்குச் சொல்லியிருக்கிறோம்.

பதில் இன்னும் வரவில்லை. உங்கள் வீட்டிலும் ‘கால் வருத்தம்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்த ஒருவர் இருக்கலாம். இந்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது அவரோடு ஒரு பின்னேரம் இருந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுங்கள்.