தபால்காரர் பூங்காவில் ஒரு புதையல் வேட்டை

மலருக்கு ஏதாவது வரலாறு எழுதுப்பா என்றார் நண்பர். மெக்கானிக்கல் படித்தவனிடம் வரலாறு கேட்டால் அதுவும் பாய்லரில்தான் போய் முடியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் 'லெட்டர்பாக்ஸிங்' என்று ஒரு விளையாட்டு உண்டு. 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, டார்ட்மூர் மேட்டுநிலத்தில் கிரான்மியர் பூல் என்னும் ஒதுக்குப்புறமான சதுப்பில் ஒரு பாட்டிலை வைத்தார். சிரமப்பட்டு அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டு வந்தார்கள். பின்னாளில் தபால்தலை ஒட்டிய அட்டையையே போட்டார்கள். அடுத்து வருகிறவர் அதை எடுத்துப்போய் ஊரில் தபாலில் சேர்ப்பார். முன்பின் தெரியாத ஆளை எவ்வளவு நம்பியிருக்கிறார்கள் பாருங்கள்! இப்போது துப்பைப் பிடித்துப் பெட்டியைக் கண்டுபிடித்து, அதிலுள்ள ரப்பர் ஸ்டாம்ப்பை நம் நோட்டிலும், நம் ஸ்டாம்ப்பைப் பெட்டி நோட்டிலும் குத்த வேண்டும்.

லண்டனில் நாங்கள் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் இதைப் பிள்ளைகளுக்காக 'போஸ்ட்மேன்ஸ் பார்க்'கில் நடத்தினோம். அங்கே குழி தோண்டக் கூடாது. பெட்டி என் தோள்பையில்தான் இருந்தது. விடை சொன்னால் ஸ்டாம்ப்.

முதல் துப்பு: தெருவைவிடப் பூங்காத் தரை ஏன் உயரம்? அது பழைய சர்ச் இடுகாடு. இடம் போதாமல் மேலே மேலே மண் போட்டுப் புதைத்திருக்கிறார்கள். 1880-இல் பூங்காவானது. பக்கத்தில் தலைமைத் தபால் நிலையம் இருந்ததால் தபால்காரர்கள் இளைப்பாற வருவார்களாம். பெயர் அப்படி வந்தது.

அடுத்தது சுவர். பிறரைக் காப்பாற்றப்போய் உயிர்விட்ட சாதாரண மனிதர்களுக்கு நினைவுச் சின்னம் வேண்டும் என்று 1887-லேயே கேட்டவர் ஓவியர் ஜி.எஃப்.வாட்ஸ். அது 1900-இல்தான் திறக்கப்பட்டது. 120 பலகைகளுக்கு இடம், இதுவரை 54-தான். கடைசிப் பலகை 2009-இல் வந்தது.

"பாய்லரால் இறந்தவர் யார்?" என்று நான் ஒரு துப்பு வைத்திருந்தேன். தாமஸ் கிரிஃபின், ஃபிட்டருக்கு உதவியாள். 1899-இல் பாட்டர்ஸீ சர்க்கரை ஆலையில் பாய்லர் வெடித்தபோது, கூட்டாளியைத் தேடித் திரும்ப உள்ளே போய் வெந்து இறந்தார். அதே சுவரில் 1898-இல் வெந்தும் எரிந்தும் ரயிலைக் காப்பாற்றி மாண்ட டிரைவர் வால்டர் பியர்ட், ஃபயர்மேன் ஹாரி டீன். சேஃப்டி வால்வு நமக்குப் பரீட்சைக் கேள்வி. படம் போட்டால் மார்க். யாருக்காக அந்த வால்வு என்று நான் நின்று யோசித்தது இந்தச் சுவர் முன்னால்தான். பிள்ளைகள் அடுத்த துப்பு கேட்டுச் சட்டையை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

இன்றைய மாணவர்கள் நம் ஒர்க்‌ஷாப், ஹாஸ்டல், எதிரே உள்ள பூங்கா இவற்றை வைத்து ஒரு வேட்டை நடத்தலாமே? முதலில் பழைய லேப் அட்டெண்டர்களையும் மெஸ் சமையல்காரர்களையும் போய்க் கேளுங்கள். கல்வெட்டில் இல்லாத பெயர்கள் அவர்களிடம்தான் கிடைக்கும். துப்பு எழுத நான் தயார். பெட்டிக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் போதும். மூடியில் ரப்பர் வாஷர் இருக்கட்டும், மழைத்தண்ணீர் இறங்காது.