அரவிந்த் கண் மருத்துவமனை: ஒருவரின் கைத்திறன் நிறுவனமான வரலாறு

மருத்துவர் கோ. வெங்கடசாமி (அக்டோபர் 1, 1918 – ஜூலை 7, 2006) மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவியவர். எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் பிறந்தார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944இல் பட்டம் பெற்று, இராணுவ மருத்துவப் பணியில் சேர்ந்தார். முடக்குவாதத்தால் கைவிரல்கள் கோணிப்போனதால் மகப்பேறு மருத்துவராகும் எண்ணத்தைக் கைவிட்டுக் கண் மருத்துவம் பயின்றார். அந்த விரல்களைக்கொண்டே வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். 1973இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

ஓய்வும் ஒரு சிக்கலும்

1976இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். தம் பெயரில் மருத்துவமனை தொடங்கியிருந்தால் அவர் புகழை நம்பி நோயாளிகள் வந்திருப்பார்கள். ஆனால் அவர் கை ஓயும்போது அந்தச் சேவையும் நின்றிருக்கும். கண்புரையால் பார்வையிழந்தோரோ நாட்டில் லட்சக்கணக்கில் இருந்தனர். எனவே ஓர் அறக்கட்டளையின் கீழ், 11 படுக்கைகளுடன் மருத்துவமனையைத் தொடங்கினார். தம் பெயரைச் சூட்டாமல் ஸ்ரீ அரவிந்தரின் பெயரைச் சூட்டினார். தங்கை மருத்துவர் நாச்சியார், அவர் கணவர் மருத்துவர் நம்பெருமாள்சாமி உள்ளிட்ட குடும்பத்தினர் உடன் உழைத்தனர்.

திறன் முறையானது

எந்தக் கிளையிலும் ஒரே தரம் தரும் மெக்டொனால்ட்ஸ் உணவகங்களை வெங்கடசாமி எடுத்துக்காட்டாகக் கூறுவதுண்டு. அறுவைப் பணி சிறுசிறு படிகளாகப் பிரிக்கப்பட்டது. கிராமப்புறப் பெண்கள் பயிற்சி பெற்று, நோயாளியை ஆயத்தம் செய்வது முதலான வேலைகளை ஏற்றனர். ஒரு மேசையில் அறுவை முடிந்ததும் அடுத்த மேசையில் நோயாளி ஆயத்தமாக இருப்பார். மருத்துவரின் நேரம் அறுவைக்கே பயன்பட்டது. கட்டணம் செலுத்துவோரின் வருவாய் ஏழைகளின் இலவசச் சிகிச்சைக்கு உதவியது.

இறக்குமதியான உள்விழி வில்லைகளின் விலை ஏழைகளுக்கு எட்டாததால், அவற்றைக் குறைந்த விலையில் தயாரிக்க 1992இல் ஆரோலேப் தொடங்கப்பட்டது. இம்முறையைப் பிற மருத்துவமனைகளுக்குக் கற்பிக்க லைக்கோ என்னும் பயிற்சி நிறுவனம் அமைந்தது.

நிறுவனருக்குப் பின்

தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி ஆகிய ஊர்களிலும் மருத்துவமனைகள் அவர் காலத்திலேயே அமைந்தன. அவர் மறைவுக்குப் பின் சென்னையிலும் ஒன்று திறக்கப்பட்டது. தலைமைப் பொறுப்புகளில் பெரும்பாலும் குடும்பத்தினரே இருந்துவந்துள்ளனர். ஆயினும் அன்றாட அறுவைகளை நடத்துவது உறவுமுறை அன்று, பயிற்சியே. வெங்கடசாமியை ஒருமுறையும் கண்டிராத இளம் மருத்துவர்களும் செவிலியரும் அவர் வகுத்த முறையிலேயே இன்று பார்வை அளித்துவருகின்றனர்.