ஒரு மில்லிமீட்டர் குண்டு

திருவள்ளூர் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் வீரராகவப் பெருமாள் கோயிலைப் பற்றிக் கேட்பார்கள். பேனாக் கிறுக்கு பிடித்தவர்கள் மட்டும் ரங்கா பேனாவைப் பற்றிக் கேட்பார்கள். எபோனைட் கட்டையை லேத்தில் கடைந்து மைப்பேனா செய்கிற கம்பெனி அது. எம்.எஸ். பாண்டுரங்கன் தொடங்கி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கு அதற்கு வெளிநாட்டிலிருந்து ஆர்டர் வருகிறது. நான் அந்தக் கட்சி இல்லை. காக்களூர் எஸ்டேட்டிலும் பிறகு கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் பிளாஸ்டிக் அச்சு செய்யும் டூல் ரூமில் காலம் தள்ளியவன். கட்டைப் பேனாவின் பிழைப்பைக் கெடுத்ததே உங்கள் கூட்டம்தான் என்று பத்திரம் எழுதிப் பிழைத்த என் மாமனார் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பாதி உண்மை.

எபோனைட் என்பது ரப்பரில் கந்தகம் சேர்த்து வேகவைத்து இறுக்கியது. கடையும்போது கந்தக வாடை மூக்கில் ஏறும். உடம்பு, மூடி, கழுத்து, நாக்கு என்று ஒவ்வொன்றாகக் கடைந்து, மரை வெட்டி, கையால் பாலிஷ் ஏற்றுவார்கள். கடைபவர் அந்த மூடியை அந்த உடம்புக்கென்றே பார்த்துப் பார்த்துப் பொருத்துவார். பக்கத்துப் பேனாவின் மூடியைப் போட்டால் ஒரு சுற்று முன்னே பின்னே நிற்கும். அதுதான் அதன் அழகு. எங்கள் தொழிலில் அது நடந்தால் அன்றைக்கே வேலை போய்விடும். இன்று காலை விழுந்த மூடி, போன வருஷம் விழுந்த உடம்பில் டக்கென்று உட்கார வேண்டும். மலிவுப் பேனாவின் சூட்சுமத்தில் முக்கால்வாசி இதுதான்.

மாமனாருக்கு பால்பாயிண்ட் என்றாலே ஆகாது. எங்கள் பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். கையெழுத்து கெட்டுவிடும் என்று வாத்தியார்கள் அதைத் தொடவிடமாட்டார்கள். ஆனால் ஆபீஸ்களில் கார்பன் காகிதம் இருந்ததே. மூன்று காப்பி எடுக்க வேண்டுமென்றால் அழுத்தி எழுத வேண்டும். நிப்பை அழுத்தினால் விரிந்துபோகும். பில் போடும் கடை, பார்சல் ஆபீஸ், மருந்துக் கடை எல்லாம் முதலில் மாறியது அதனால்தான். இதைச் சொன்னால் மாமனார் பேச்சை மாற்றிவிடுவார்.

குண்டு வைத்த பேனா யோசனை ரொம்பப் பழசு. 1888லேயே ஜான் லவுட் என்ற அமெரிக்கர் தோலில் குறி போடுவதற்காக ஒன்றைப் பதிவு செய்தார். காகிதத்துக்கு அது தேறவில்லை. லாஸ்லோ பீரோ ஹங்கேரியப் பத்திரிகைக்காரர். அச்சகத்து மை சட்டென்று காய்வதைப் பார்த்து அதைப் பேனாவில் அடைக்கப் பார்த்தார். கெட்டி மை நிப்பில் இறங்கவில்லை. வேதியியல் தெரிந்த உடன்பிறந்தவர் மையைக் கவனித்துக்கொள்ள, இவர் குண்டைக் கவனித்தார். 1938ல் ஒரு பேடண்ட், அர்ஜென்டினாவில் குடியேறிய பிறகு 1943ல் இன்னொன்று. அந்தப் பேனாவை புவனஸ் அயர்ஸில் பார்த்த மில்டன் ரெனால்ட்ஸ் என்ற வியாபாரி, பேடண்டில் சிக்காதபடி கொஞ்சம் மாற்றிச் செய்து 1945 அக்டோபர் 29ல் நியூயார்க் கிம்பெல்ஸ் கடையில் விற்பனைக்கு வைத்தார். விலை பன்னிரண்டரை டாலர். முதல் நாளே ஆயிரக்கணக்கில் போனது. வாங்கியவர்கள் சட்டைப்பையில் மையோடு திரும்பி வந்தார்கள். அந்தக் கம்பெனி அதிக வருஷம் நிற்கவில்லை. பெயர் மட்டும் பிரான்ஸுக்குப் போய், அங்கிருந்து நம்ம ஊருக்கு வந்து சேர்ந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கக்காத பேனாவை மலிவாகப் போட்டவர் பாரிஸ் பக்கத்துக் கிளிஷியில் பட்டறை வைத்திருந்த மார்செல் பிஷ். பீரோவின் உரிமையை வாங்கி, சுவிஸ் கடிகாரத் தொழிலின் துல்லியத்தோடு வெட்டும் மெஷின்களைப் போட்டு, 1950 டிசம்பரில் பிக் கிரிஸ்டல் பேனாவைக் கொண்டுவந்தார். பென்சில் மாதிரி அறுகோணம், மேஜையில் உருளாது. உள்ளே எவ்வளவு மை மிச்சம் என்று தெரிய கண்ணாடி போன்ற பாலிஸ்டைரீன் உடம்பு. கடித்தால் அது விரிசல் விடும்; மூடிக்கோ வளைந்து கொடுத்துப் பிடிக்க வேண்டும், அதனால் பாலிப்ரோப்பிலீன். 1961 வாக்கில் எஃகுக் குண்டு போய் டங்ஸ்டன் கார்பைடு வந்தது. 1991ல் மூடியின் தலையில் துவாரம் போட்டார்கள். குழந்தை விழுங்கினாலும் மூச்சுக்காற்று போக வழி. மற்றபடி அதே பேனா. 2006 செப்டம்பருக்குள் 10,000 கோடி விற்றுவிட்டதாகக் கம்பெனி சொன்னது.

எழுபது வருஷமாக ஏன் மாறவில்லை என்று கேட்பவர்கள் பிளாஸ்டிக்கைப் பார்த்துக் கேட்கிறார்கள். பிளாஸ்டிக் வேலை சுலபமென்று சொல்லமாட்டேன். நீளக் குழாய்க்கு உள்ளே நிற்கும் கோர் பின் ஒல்லியாக இருக்கும். உருகிய பிளாஸ்டிக் அழுத்தத்தோடு பாயும்போது அது ஒரு பக்கம் சாயும், குழாயின் சுவர் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலியும். அதைச் சரிக்கட்ட எத்தனையோ ராத்திரி ஷிப்ட் பார்த்திருக்கிறேன். ஆனாலும் நல்ல டூல் ரூம் இருந்தால் முடிகிற காரியம்தான். முடியாதது முனை.

பித்தளையிலோ நிக்கல் சில்வரிலோ எஃகிலோ கடைந்த முனைக்குள் மை வர வாய்க்கால் வெட்டி, ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் சிறிதோ உள்ள குண்டைப் போட்டு, விளிம்பை உருட்டி உதடு மாதிரி மடிப்பார்கள். மடித்தபின் குண்டு விழவும் கூடாது, இறுகவும் கூடாது. குண்டுக்கும் உதட்டுக்கும் நடுவில் சில மைக்ரான் சந்து. கூடினால் பேனா கக்கும், குறைந்தால் வறளும். மையும் அந்தச் சந்துக்குத் தக்கபடி பசை போலக் கெட்டியாக இருக்க வேண்டும். அந்தக் கெட்டிதான் ரீஃபிலின் பின்வாய் திறந்தே கிடந்தாலும் மை ஒழுகாமல் பிடித்து வைக்கிறது. மை இறங்க இறங்க பின்னால் காற்று நுழைய வேண்டுமே, அதற்குத்தான் உடம்பிலோ பின்மூடியிலோ ஊசித் துவாரம். அதை அடைத்துவிட்டு எழுதிப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் திக்கும்.

முனை எவ்வளவு கஷ்டம் என்பதற்குச் சீனாவே சாட்சி. ஆண்டுக்கு 3,800 கோடி பேனா செய்த நாடு, முனைக்கான எஃகை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. இதை அப்போதைய பிரதமர் லீ கெச்சியாங்கே வெளிப்படையாகக் குறைப்பட்டுக்கொண்டார். 2017 ஜனவரியில்தான் தையுவான் இரும்பாலை சொந்தக் கம்பி வந்துவிட்டது என்று அறிவித்தது. ராக்கெட் விட்ட பிறகு பேனா முனை! நம்ம ஊர்ப் பாக்கெட்டுகளில் ஸ்விஸ் முனை, ஜெர்மன் மை என்று பெருமையாக அச்சடித்ததும் இதே கதைதான். இப்படி ஒரு முனையைக் காசு போட்டு நிலைப்படுத்திவிட்டால், அதற்குமேல் மாட்டும் குழாயை வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற எந்த முதலாளிக்கும் மனசு வராது. பல குழி அச்சு ஒன்று செய்ய ஆகும் செலவைப் பேனாவுக்குச் சில பைசா லாபத்தில்தான் மீட்க வேண்டும். பழைய அச்சு தேயும்வரை ஓடட்டும் என்பார். தேய்ந்ததும் அதே டிராயிங்கில் இன்னொன்று.

சொல்கிறேன் என்றேனே, அந்தப் பெயர். எண்பதுகளில் சென்னை ஜி.எம். பென்ஸ் கம்பெனி ரெனால்ட்ஸ் லைசென்ஸில் 045 ஃபைன் கார்பூரைக் கொண்டுவந்தது. வெள்ளை உடம்பு, நீல மூடி. பிற்பாடு ரோரிட்டோ என்று சொந்தப் பெயரிலும் பேனா போட்டார்கள். 045 வந்து சில வருஷத்திலேயே வாத்தியார்கள் கையிலும் அதுதான். பிரான்ஸ்காரன் எழுதித் தீர்ந்ததும் தூக்கிப்போடச் செய்த சாதியை நம்மவர்கள் தூக்கிப்போடவில்லை. முனையைப் பல்லால் கடித்து இழுத்து, புது ரீஃபில் வாங்கிச் செருகிக்கொண்டார்கள். மை தடைப்பட்டால் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துப் பரபரவென்று உருட்டிச் சூடேற்றினார்கள். என் மனைவி வீட்டுக் கணக்கு எழுதிய ஒரே வெள்ளை உடம்பில் எத்தனை ரீஃபில் போயிருக்கும் என்று அவளுக்கே தெரியாது. எழுத்துக்கள் அழிந்து மொழுக்கென்று ஆகிவிட்டது, உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

2023 ஆகஸ்டில் 045 நிற்கப்போகிறது என்று ஒரு வதந்தி கிளம்பி, ஊரெல்லாம் துக்கம் கொண்டாடியது. கம்பெனியே பொய் என்று மறுக்க வேண்டியதாயிற்று. சிரிப்புதான் வந்தது. முனையும் அச்சும் கையில் இருக்கும்போது எவன் நிறுத்துவான்?

கட்டைப் பேனாவும் சாகவில்லை. விலையில் போட்டி போடுவதை விட்டுவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கடைவதையே விற்கிறது. இரண்டில் ஒன்றின் வாடிக்கையாளர் இன்னொன்றைத் தொடுவதில்லை; மாமனாரின் வழக்கு இதோடு தள்ளுபடி.

குறை சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது: மூடியின் கிளிப். மலிவுப் பேனா எதுவானாலும் அதுதான் முதலில் ஒடியும், அதுவும் மூடியோடு சேரும் மூலையில். அச்சில் அந்த மூலையைக் கூர்மையாக விட்டால் வளையும் பாரமெல்லாம் அங்கேதான் குவியும். டூல் ரூம்காரர் யாராவது இதைப் படித்தால், அடுத்த அச்சு செய்யும்போது அந்த இடத்தில் அரை மில்லிமீட்டர் ரேடியஸ் கொடுங்கள். செலவு ஒன்றும் கூடாது.